பல்லேகலைக்குப் போன ஒரு பரல் மைக்கழிவு

கடந்த மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை மாத்தளையிலிருந்து கட்டுகஸ்தோட்டைக்கும் பல்லேகலைக்கும் போய் வந்தேன். ஊர் சுற்றப் போகவில்லை. என் அச்சகத்தை மூடாமலிருக்க வழி தேடிப் போனேன். என்னைப் போல் சின்ன அச்சகம் நடத்துகிறவர்களுக்கு உதவும் என்றுதான் எழுதுகிறேன்.

என்னிடம் இருப்பது ஒரேயொரு ஒஃப்செட் இயந்திரம். நிறம் மாற்றும்போதெல்லாம் உருளைகளை மண்ணெண்ணெயால் கழுவ வேண்டும். கழுவி வரும் கறுப்புக் கழிவை ஆறு வருடமாகப் பின்பக்கச் சாக்கடைக் கானில் ஊற்றினேன். மறைப்பதற்கில்லை, நான்தான் ஊற்றினேன். பக்கத்து வீட்டுக் கிணற்றில் வாடை வந்தது. பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து பார்த்து, பதினான்கு நாளில் நிறுத்தாவிட்டால் வழக்கு என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். ஊரில் இரண்டு அச்சகக்காரர்களிடம் யோசனை கேட்டேன். குழாய் வைத்து மண்ணுக்குள் விட்டால் கண்ணில் படாது என்றார்கள். சின்ன அச்சகம் வேறென்ன செய்ய முடியும் என்று சிரித்தார்கள். எனக்கு வந்த கோபத்தில் மறுநாளே பஸ் ஏறிவிட்டேன்.

காலை 6.40 பஸ். 21 கிலோமீற்றர்தான், ஆனால் அக்குறணை நெரிசலைத் தாண்டிக் கட்டுகஸ்தோட்டைப் பாலத்தடியில் இறங்க 7.50 ஆகிவிட்டது. கட்டணம் 110 ரூபாய். சில்லறையாகக் கொண்டுபோனால் கொண்டக்டரின் முறைப்பிலிருந்து தப்பலாம்.

மை விற்பவர் சொல்லிய இர்பான் நானாவின் அச்சகம் பாலத்திலிருந்து ஐந்து நிமிட நடை. அவருக்கு ஐம்பது வயதிருக்கும். வாசலில் வைத்தே என் பிரச்சினையைக் கேட்டுக்கொண்டு நேரே கழிவு பிடித்து வைத்திருந்த கேன்களுக்கு அருகே கூட்டிப்போனார். கழிவை மூன்று நாள் ஆடாமல் வைத்தால் மை அடியில் படிந்துவிடுகிறது. மேலே தெளிந்து நிற்கும் மண்ணெண்ணெயை அடுத்த முறை முதல் கழுவலுக்கு எடுக்கிறார். ஒரு நாளின் வேலைகளில் மஞ்சளை முதலில், கறுப்பைக் கடைசியில் அடிப்பதால் பலமுறை கழுவத் தேவையில்லை. வெட்டி மிஞ்சும் கடதாசி பில் புத்தகமாகிறது. இவற்றில் எதற்கும் புது இயந்திரம் வேண்டாம். ஆறு வருடம் எனக்கு ஏன் தோன்றவில்லை என்று வெட்கமாக இருந்தது.

அடியில் படியும் மைச்சேறுதான் மிச்சம். அதைப் பல்லேகலைக் கைத்தொழில் வலயத்தில் ஒரு நிறுவனம் வாங்கி உலையில் எரிக்கிறது. ஆனால் முழுப் பரலாக, அதாவது பெரிய பீப்பாயாகத்தான் எடுக்கும். ஒரு சின்ன அச்சகம் பரலை நிரப்ப வருடங்களாகும். ஆகவே அவர் தன்னுடையதோடு ஐந்து அச்சகங்களைச் சேர்த்திருந்தார். அன்றுதான் அவர்களுடைய முதல் பரல் போகிறது என்றும், விருப்பமென்றால் நானும் வரலாம் என்றும் சொன்னார். சின்ன லொறி, வாடகை 4,500 ரூபாய், ஐவருக்கும் பொது. சுமார் பத்துக் கிலோமீற்றர். 10.15க்கு அந்த நிறுவனத்தின் வாசலை அடைந்தோம்.

அங்கே இருந்த அதிகாரி யாழ்ப்பாணத்துக்காரர், ஐந்து அச்சகங்களின் பேரையும் பதியச் சொன்ன இர்பான் நானாவிடம் மரியாதையாகத்தான் பேசினார். "ஓம், எனக்கு விளங்குது. ஆனா ஒரு பரலுக்கு ஒரு பேர்தான் பதியலாம். உங்கட பேரை மட்டும் போடுங்கோ, இல்லாட்டி திருப்பிக் கொண்டுபோங்கோ."

ஒரு பேர் போட்டால் மற்ற நால்வருக்கும் பரிசோதகரிடம் காட்டப் பற்றுச்சீட்டு இருக்காது. இர்பான் நானா குரலை உயர்த்தவில்லை.

"அஞ்சு பேரும் ஒழுங்கா செஞ்சவங்க. அஞ்சு பேரும் பதியணும். திருப்பிக் கொண்டு போக ஏலாது. மகாவலி கங்கையில ஊத்தச் சொல்றீங்கன்னா அத ஒரு கடிதத்துல எழுதித் தாங்க, போறோம்."

அதிகாரி உள்ளே போய்விட்டார். வெயில் ஏறியது. லொறிக்காரர் அடுத்த வாடகை இருக்கிறதென்று நேரத்தைப் பார்த்தார். ஒரு மணி நேரம் கழித்து அதிகாரி வந்து, இன்னொரு நாள் பார்க்கலாமே என்றார். அந்த இடத்தில் எனக்குப் பொறுக்கவில்லை. என் பரல்கூட இல்லை அது.

"சேர், எனக்குப் பதினாலு நாள்தான் தந்திருக்காங்க. ஒழுங்கா செய்யணும்னு வர்றவங்கள நீங்களே திருப்பி அனுப்பினா நாங்க எங்க போறது? வாங்குற வரைக்கும் நானும் இங்கதான் இருப்பேன்" என்று சொல்லிவிட்டு வாசல் ஓரக் கல்லில் உட்கார்ந்தேன். வெயிலுக்குச் சேலைத் தலைப்பைத் தலையில் போட்டுக்கொண்டேன்.

அவர் யாருக்கோ தொலைபேசி எடுத்தார். பிறகு, ஐந்து அச்சகங்களின் பேரையும் ஒரு தனித் தாளில் எழுதிப் படிவத்தோடு இணைக்கச் சொன்னார். 12.05க்குப் பரல் இறங்கியது.

பதின்மூன்றாம் நாள் பரிசோதகர் வந்தார். காய்ந்த கானையும் கேன்களையும், அடுத்த பரலில் என்னையும் சேர்ப்பதாக இர்பான் நானா தந்த கடிதத்தையும் பார்த்துவிட்டு வழக்குப் போடவில்லை என்றார். பக்கத்து வீட்டுக் கிணற்றை என் செலவில் இறைத்துக் கழுவிக் கொடுத்தேன். வாடை குறைந்திருக்கிறது. போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன்.

நீங்களும் செய்யலாம். பெரிய அச்சகமாக வளரும்வரை காத்திருக்க வேண்டாம். முதலில் மூன்று கேன் வாங்குங்கள், பக்கத்தில் நான்கு அச்சகக்காரர்களைப் பிடியுங்கள். எல்லார் பேரையும் பதிவதாகப் பரலை ஏற்கும் நிறுவனத்திடம் முன்கூட்டியே எழுத்தில் வாங்குங்கள். பல்லேகலைக்குப் போகும் நாளில் வேறு வேலை வைத்துக்கொள்ளாதீர்கள். குடையும் தண்ணீர்ப் போத்தலும் அவசியம். அந்த வாசலில் நிழல் இல்லை, ஆனாலும் எழுந்து வந்துவிடாதீர்கள்.