மலைப் பள்ளிக்கூடத்துத் தண்ணீர்த் தொட்டி

போன புதன்கிழமை ஒரு டம்ளர் தண்ணீருக்கு முன்னால், ரிசல்ட்டுக்குக் காத்திருக்கிற பையன் மாதிரி நின்றேன் குழந்தைகளே!

உடுமலைக்கு மேலே, பஸ் போகாத, கரண்ட் இல்லாத ஒரு மலைக் கிராமம். திருப்பூர் ராயபுரத்தில் இருக்கிற எங்கள் பனியன் கம்பெனி ஆட்கள் நாலு பேர் லீவு நாட்களில் ஏறிப்போய், ஊராரோடு சேர்ந்து அங்கே ஒரு பள்ளிக்கூடம் கட்டினோம். கல்லும் மண்ணும் அங்கேயே எடுத்தது. கூரை மேல் ஒரு சோலார் பிளேட்... இரண்டு லைட் எரியும்!

ஒரே குறை — தண்ணீர். ஓடை ரொம்பக் கீழே. தாகம் எடுத்தால் பிள்ளைகள் வீட்டுக்கு ஓடிவிடுவார்கள். மதியம் திரும்பி வரமாட்டார்கள். கூரையில் விழும் மழையைப் பிடிக்க ஒரு தொட்டி கட்டினோம். வடிகட்ட என்ன போடுவது? திருப்பூர்க்காரனுக்கு வேறென்ன தோன்றும்? ஒரு மூட்டை வேஸ்ட் துணி!

முதல் மழை பெய்தது. குழாயைத் திறந்தால்... ரோஸ் கலர்!

சாயம் போகிறதா என்று ஈரத் துணியால் தேய்த்துப் பார்க்கிற செக்கிங் வேலைதான் எனக்கு. பிள்ளைகள் குடிக்கிற தண்ணீருக்கு அது தோன்றவில்லையே!

அந்த ஊர் மாரி எங்களோடு கல் சுமந்தவர். அவர் மகள் செல்வி அங்கேதான் படிக்கிறாள். ஒரு தடவை திருப்பூர் வந்து, சாயக்கழிவு கலந்து ஓடும் எங்கள் ஆற்றைப் பார்த்தவர்.

"உங்க ஊர் ஆத்த மலை மேலயே ஏத்திட்டீங்களே சார்!" என்றார். "இந்தத் தண்ணிதான்னா எம்புள்ள வரமாட்டா."

என் கூட்டாளி பழனிச்சாமி காதைக் கடித்தார்: "ஏனுங்க, வெள்ளத் துணியாச்சும் போட்டிருக்கலாமுங்களே?"

"துணிச் சகவாசமே வேண்டாமுங்க" என்றேன்.

தொட்டியைத் தேய்த்துக் கழுவினோம். ஜல்லி, கரி, மணல் என்று அடுக்கினோம். அடுத்த மழைக்குக் காத்திருந்தோம். மழை பெய்ததும், போன புதன்கிழமை லீவு போட்டு ஏறினேன். வெள்ளைத் துணியைத் தொட்டித் தண்ணீரில் நனைத்து மாரியிடம் நீட்டினேன். பளிச்! அவர் அசரவில்லை.

"துணியா குடிக்கப் போவுது? நீங்க குடிங்க."

குடித்தேன். இன்னொரு டம்ளரும் வாங்கிக் குடித்தேன். அவரும் ஒரு வாய் குடித்து, மெதுவாக விழுங்கினார். பிறகு செல்வியைக் கூப்பிட்டு டம்ளரை நீட்டினார்.

அன்று ஒரு பிள்ளைகூட வீட்டுக்கு ஓடவில்லை. எட்டாவதோடு நின்றவன் நான்... நாங்கள் கட்டின பள்ளிக்கூடத்தில் முதல் தடவையாக மதிய வகுப்புக்கு மணி அடித்தது!

பாவம், வாத்தியாருக்குத்தான் மத்தியானத் தூக்கம் போச்சு.