ஹாங்காங்குக்குப் போன பூட்டு

நீங்கள் இப்போது போட்டிருக்கும் பனியனைத் தைத்தவர்கள் எந்தக் கதவுக்குள் இருந்து தைத்தார்கள், அந்தக் கதவின் சாவி யாரிடம் இருந்தது என்று ஒருமுறையாவது கேட்டிருக்கிறீர்களா? ராமுத்தாயைச் சந்திக்கும் வரை நானும் கேட்டதில்லை.

கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல் ஊரில் கணவர் இறந்த வருடம் மகள் நதியாவைக் கூட்டிக்கொண்டு திருப்பூருக்கு வந்தவர் ராமுத்தாய். மண்ணரையில் ஒற்றை அறை வாடகை வீடு. மூன்று மாடி ஏற்றுமதிக் கம்பெனி ஒன்றில் பதினாறு வருடம் பேக்கிங் வேலை. பனியனை மடித்துப் பாலித்தீன் பையில் போட்டு, அட்டைப்பெட்டியில் அடுக்கி, பெட்டியின்மேல் மார்க்கரால் எண் எழுதுவார். அவர் எழுதும் ஏழுக்குக் குறுக்கே ஒரு கோடு இருக்கும். வெளிநாட்டில் யாரும் அதை ஒன்று என்று படித்துவிடக் கூடாது என்பதற்காகப் பழகிய கோடு. நதியா அதே கம்பெனியின் மூன்றாவது மாடியில் ஓவர்லாக் மிஷின் ஓட்டினாள்.

மூன்றாவது மாடியின் பின்பக்கம் ஓர் இரும்புக் கதவு. மேலே பச்சை எழுத்தில் 'எக்ஸிட்'. கீழே உள்ளங்கை அகலத்துக்குப் பூட்டு. "கதவத் தொறந்து போட்டா பீஸு பூராம் பின்னால போயிருமுங்க" என்பார் மேனேஜர் பிரபாகர். ஆனால் ஆர்டர் தரும் ஹாங்காங் பையிங் ஆபீஸிலிருந்து பாதுகாப்பு வசதிகளைச் சோதிக்கும் ஆடிட்டுக்கு ஆள் வரும் நாளில் பூட்டு இருக்காது. அன்று காலையில் எல்லார் மூக்குக்கும் மாஸ்க் வரும், முதலுதவிப் பெட்டிக்குள் பஞ்சு வரும், குடிதண்ணீர்க் குழாயில் தண்ணீர் வரும். சாயங்காலம் ஆடிட்டர் கார் கிளம்பியதும் எல்லாம் வந்த வழியே போய்விடும். கழற்றிய பூட்டை ராமுத்தாயிடம்தான் கொடுப்பார் பிரபாகர். "பெட்டிக்குள்ள போட்டு டேப் ஒட்டிருங்க அக்கா." ஒட்டியிருக்கிறார். நான்கு ஆடிட்டுகளுக்கு ஒட்டியிருக்கிறார். அதை அவர் என்னிடம் மறைக்கவில்லை.

2006 பிப்ரவரியில் மூன்றாவது மாடியில் சுவிட்ச் போர்டு வெடித்து வேஸ்ட் துணி மூட்டை பற்றிக்கொண்டது. படிக்கட்டுப் பக்கம் முழுக்கப் புகை. பதினொரு பெண்கள் பின்கதவை அடித்தார்கள். நதியா அவர்களில் ஒருத்தி. சாவி வாட்ச்மேனிடம், வாட்ச்மேன் டீக்கடையில். எலக்ட்ரீஷியன் மெயினை இறக்கிவிட்டு மணல் வாளியோடு ஓடிவந்ததால் பிணம் விழவில்லை. மறுநாள் முதலாளி வாசலில் பூசணிக்காய் உடைத்தார். பின்கதவில் எலுமிச்சையும் மிளகாயும் கோத்துத் தொங்கவிட்டார்கள். எங்கே? பூட்டின் மேலேயே. பூட்டைக் கழற்ற ஒரு மூளைக்கும் தோன்றவில்லை.

மார்ச் பதினான்காம் தேதி அடுத்த ஆடிட். கதவை ஒட்டி அடுக்கிய பெட்டிகளில் மேலே இருந்த நூற்று இருபத்தேழாம் பெட்டிக்குள் பூட்டு போனது. சாயங்காலம் ராமுத்தாய் அதை எடுத்துத் தன் சாப்பாட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"சார், பெட்டி லோடு ஏறிருச்சு. பூட்டும் அதோட போயிருச்சு போல."

"ஏனுங்கக்கா, கண்ண எங்க வெச்சுட்டு வேலை பாக்கறீங்க?" என்று சத்தம் போட்டுவிட்டுப் பிரபாகர் புதுப் பூட்டு வாங்கி மாட்டினார்.

தொழிற்சங்கத்தில் இருந்த சேவூர் லிங்கசாமி பூட்டைப் பற்றி ஹாங்காங் ஆபீஸுக்கு ஆங்கிலத்தில் மின்னஞ்சல் அனுப்பினார். மூன்று வரியில் பதில் வந்தது: ஆடிட் நடந்தது, கதவில் பூட்டு இல்லை, புகைப்படம் எங்களிடம் இருக்கிறது.

"போட்டோவுல பூட்டே இல்லீங்களாமா. நாம இனி என்னங்கக்கா பண்றது?"

"நானே கொண்டுபோயிக் காட்டுதேன்."

"எங்கீங்க, அவினாசிக்கா? அது ஹாங்காங்குங்க!"

"நா எழுதுன பெட்டி போகுதுல்ல? நா போக முடியாதாக்கும்?"

லிங்கசாமி சிரித்தார். பிறகு விசாரித்துக்கொண்டு வந்து, பதினாலு நாள் வரை இந்தியர்களுக்கு அங்கே விசா தேவையில்லை என்று அவரே சொன்னார். காதுத் தோடு பாஸ்போர்ட்டும் விமான டிக்கெட்டும் ஆனது. தங்கும் இடத்துக்கு எதுவும் மிஞ்சவில்லை.

"பைத்தியமாம்மா உனக்கு? அங்க போயி எப்படிப் பேசுவ? இங்கிலீஷ் தெரியுமா?" என்று கத்தினாள் நதியா.

"ஏன் தெரியாது? ரிஜெக்ட், அப்ரூவல், அர்ஜென்ட். பதினாறு வருசமா என்னைய அதுலதானட்டி வையுதாங்க."

ஜூன் மாதத்தில் ஒரு சனிக்கிழமை காலை, நதியாவின் பழைய பள்ளிக்கூடப் பையில் இரண்டு சேலையும் வறுத்த அவலும் ஒரு பூட்டுமாக ஹாங்காங்கில் இறங்கினார். வரிசையில் நின்ற எல்லாரையும் முத்திரை குத்தி அனுப்பிய குடியேற்ற அதிகாரி இவரை மட்டும் தனி அறைக்குக் கூட்டிப்போனார். எதற்கு வந்தீர்கள்? "பையிங் ஆபீஸ். அப்ரூவல்." எந்த ஹோட்டல்? தெரிந்தவர்கள் யார்? பையைக் கொட்டினார்கள். மேஜைமேல் பூட்டு கிடந்தது. திருப்பி அனுப்பிவிட்டால் இன்னொரு தோடு கிடையாது. மாடியில் புதுப் பூட்டுக்குப் பின்னால் நதியா உட்கார்ந்திருக்கிறாள்.

"இது என்ன?"

"சாம்பிள்" என்றார் ராமுத்தாய்.

அதிகாரி பூட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இந்த ஊருக்கு என்னென்னவோ சாம்பிள் வருகிறது. நாற்பது நிமிடம் கழித்து முத்திரை விழுந்தது.

கையில் இருந்த முகவரி, பெட்டியின்மேல் ஒட்டும் லேபிளைப் பார்த்து நதியா எழுதிக்கொடுத்தது. பெட்டி எங்கே போகிறதோ அங்கேதான் ஆபீஸ் இருக்கும் என்பது ராமுத்தாயின் கணக்கு. பேக்கிங் டேபிளைத் தாண்டி எதையும் பார்க்க விடாமல் பதினாறு வருடம் நிறுத்தி வைத்தால் வேறு எந்தக் கணக்கு வரும்? தாளைக் காட்டிக் காட்டி இரண்டு பஸ் மாறினார். மதியம் வெயிலில் போய் நின்ற இடம், குவாய் சுங் என்ற துறைமுகப் பகுதியில் கன்டெய்னர்களுக்கு நடுவே ஒரு குடோன்.

காவல் கூண்டில் இருந்தவர் நேபாளத்துக்காரர், பெயர் தமாங். அவர் இந்தியில் பேசியதும் ராமுத்தாய்க்கு உயிர் வந்தது. கம்பெனியில் பெட்டி தூக்கும் பீகார்க்காரர்களிடம் கற்ற இந்தி.

"தீதி, இதர் ஆபீஸ் நஹீ. இதர் ஸிர்ஃப் மால்."

அக்கா, இங்கே சரக்கு மட்டும்தான். ஆபீஸ் வேறு பக்கம். சனி மதியம் மூடினால் திங்கள் ஒன்பது மணிக்குத்தான் திறக்கும். ராமுத்தாயின் விமானம் திங்கள் மாலை நான்கு மணிக்கு.

தமாங் தன் டிபன் பாக்ஸை நடுவில் வைத்தார். யாருக்கோ போன் போட்டு ஆபீஸ் முகவரியை வாங்கிச் சீன எழுத்திலும் ஆங்கிலத்திலும் எழுதினார். காசில்லாமல் தங்க வேண்டுமானால் வான்சாய் பகுதியில் சீக்கியர்களின் குருத்வாரா இருக்கிறது என்று சொல்லி, பஸ் நிறுத்தம் வரை வந்து டிரைவரிடமும் பேசி ஏற்றிவிட்டார்.

குருத்வாராவில் யாரும் சாதி கேட்கவில்லை, மதம் கேட்கவில்லை. சாப்பாடு போட்டார்கள், பாய் கொடுத்தார்கள். சும்மா சாப்பிடக் கூசி ராமுத்தாய் சமையலறையில் உட்கார்ந்து ஒரு சாக்கு வெங்காயம் உரித்தார். "தெய்வமாப் பாத்து வழி விட்டுச்சுய்யா" என்பார் என்னிடம். நான் ஒப்பவில்லை. அடுப்புப் புகையில் வேர்க்க வேர்க்கச் சப்பாத்தி உருட்டியவர்கள் இரண்டு கால் மனிதர்கள். நன்றி அவர்களுக்குப் போகட்டும்.

திங்களன்று வழி தவறினால் எல்லாம் போச்சு. அதனால் ஞாயிற்றுக்கிழமையே ஆபீஸ் வழியைப் பார்த்து வைக்கக் கிளம்பினார். குருத்வாராவில் சொன்னபடி, ரயில் ஏறும் இடத்துக்கு டிராம் தண்டவாளத்தை விட்டு விலகாமல் நடந்தார். சென்ட்ரல் என்ற இடத்தில் வானளாவிய கட்டடங்களுக்குக் கீழே ஆயிரக்கணக்கான பெண்கள் அட்டைப்பெட்டிகளைப் பிரித்துத் தரையில் விரித்து உட்கார்ந்திருந்தார்கள். வீட்டு வேலைக்கு வந்த பிலிப்பைன்ஸ் பெண்கள். வாரத்தில் ஒரே நாள் விடுமுறை, போய் உட்கார வீடு இல்லை. அட்டையைக் கண்டதும் ராமுத்தாய் நின்றுவிட்டார். குனிந்து விரலால் ஓரத்தைத் தடவினார். ஐந்து அடுக்கு, ஏற்றுமதிப் பெட்டியின் அட்டை.

அந்த நேரத்தில் தோளைத் தட்டினார் ஒரு போலீஸ்காரர்.

பாஸ்போர்ட். பை. பூட்டு. சாவி எங்கே? சாவி இல்லாத பூட்டை வைத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை, மூடிய கட்டடங்களுக்கு இடையே என்ன செய்கிறாய்? "சாம்பிள்" இந்த முறை எடுபடவில்லை. போலீஸ்காரர் வயர்லெஸ்ஸை எடுத்தார். ஸ்டேஷனுக்குக் கொண்டுபோனால் திங்கள் காலை கையைவிட்டுப் போகும்.

அட்டைமேல் உட்கார்ந்திருந்த ஒருத்தி எழுந்து வந்தாள். ஐம்பது வயதிருக்கும், பெயர் எர்லிண்டா என்று பின்னால் தெரிந்தது. "லேடி, சொல்லு. நான் கேட்கிறேன்" என்றாள் நிதானமான ஆங்கிலத்தில்.

ராமுத்தாய் சொன்னார். திருப்பூர் கம்பெனியில் திட்டு வாங்கிய வார்த்தைகள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. "கார்மென்ட் பேக்டரி. எமர்ஜென்சி எக்ஸிட். டெய்லி லாக். ஆடிட் டே, நோ லாக். ஆடிட் பினிஷ், லாக். பயர். மை டாட்டர் இன்சைடு."

எர்லிண்டா போலீஸ்காரரைப் பார்த்தாள். மற்ற பெண்களும் எழுந்து நின்றார்கள். ஏழெட்டுப் பேர், பிறகு இருபது பேர். போலீஸ்காரர் சுற்றிலும் பார்த்துவிட்டுப் பாஸ்போர்ட்டை நீட்டினார்.

எர்லிண்டா தன் ஒற்றை விடுமுறை நாளின் மிச்சத்தை ராமுத்தாய்க்குக் கொடுத்தாள். சுரங்க ரயிலில் ஆபீஸ் இருந்த லாய் சி கோக் வரை கூட்டிப்போய், நிறுத்தங்களை விரல்விட்டு எண்ண வைத்தாள். சென்ட்ரலில் ஏறி ஒன்பதாவது நிறுத்தம்.

திங்கள் ஒன்பது மணிக்குப் பதினோராவது மாடி. வரவேற்பில் இருந்த பெண், "அப்பாயின்ட்மென்ட்?" என்றாள். இல்லை. உட்கார். பத்து மணி. பதினொன்று. விமான நிலையத்துக்குப் பன்னிரண்டரைக்காவது கிளம்ப வேண்டும். பதினொன்றரைக்கு ராமுத்தாய் எழுந்து, பளபளத்த வரவேற்பு மேஜையின்மேல் பூட்டை வைத்தார். அந்தச் சத்தத்துக்கு உள்ளிருந்து ஓர் அம்மாள் வந்தார். ஆடிட் ஃபைல்களுக்குப் பொறுப்பாளர்.

பழைய பதில்தான். புகைப்படம் இருக்கிறது, கதவில் பூட்டு இல்லை.

"பர்ஸ்ட் ஐ டெல். தென் யூ ஸீ" என்றார் ராமுத்தாய். "மார்ச் ஃபோர்ட்டீன். டோர் சைடு, கார்ட்டன். டாப் கார்ட்டன், ஒன் டூ செவன்." காகிதத்தை இழுத்து 127 என்று எழுதினார், ஏழுக்குக் குறுக்கே கோடு போட்டு. "லாக் இன்சைடு."

ஃபைல் வந்தது. படத்தில் பூட்டில்லாத இரும்புக் கதவு. அதன் பக்கத்தில் பெட்டிகள். எல்லாவற்றுக்கும் மேலே இருந்த பெட்டியில் 127, ஏழுக்குக் குறுக்கே கோடு. ஆடிட்டர் தன் கேமராவாலேயே பூட்டைப் படமெடுத்திருக்கிறார், அட்டைக்கு வெளியிலிருந்து.

அம்மாள் படத்தைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தார். "மறைத்தது யார்?"

"மீ" என்றார் ராமுத்தாய். "நெக்ஸ்ட் ஆடிட், நோ டெல் மேனேஜர். சடன் கம்."

எந்த வாக்குறுதியும் கிடைக்கவில்லை. பூட்டை அங்கேயே விட்டுவிட்டு விமானத்துக்கு ஓடினார்.

பன்னிரண்டு நாள் எதுவும் நடக்கவில்லை. பதின்மூன்றாம் நாள் காலை ஒரு வாடகைக் கார் முன்னறிவிப்பு இல்லாமல் கம்பெனி வாசலில் நின்றது. இறங்கிய ஆடிட்டர்கள் இருவரும் ஆபீஸ் ரூமுக்குப் போகாமல் நேரே மூன்றாவது மாடி ஏறினார்கள். பிரபாகர் படிக்கட்டில் பின்னாலேயே ஓடினார், "சார், காபி சாப்ட்டுப் போலாமுங்க!" புதுப் பூட்டு கதவில் தொங்கியது, காய்ந்த எலுமிச்சையோடு. ஆர்டரை நிறுத்துவோம் என்றார்கள். அன்று மத்தியானமே வெல்டிங்காரர் வந்து நாதாங்கியை அறுத்து எடுத்தார். இனி அந்தக் கதவில் பூட்டு மாட்ட இடமே இல்லை.

வாரக் கடைசியில் ராமுத்தாயும் நதியாவும் வேலையை இழந்தார்கள். மண்ணரையில் எந்தக் கம்பெனியும் இருவரையும் சேர்க்கவில்லை. வீட்டுக்காரரும் காலி பண்ணச் சொன்னார். முன்பின் தெரியாத ஊர் மூன்று நாள் சோறும் பாயும் வழியும் கொடுத்தது. பதினாறு வருடம் உழைத்துக் கொட்டிய ஊர் வாசலைச் சாத்தியது.

"வருத்தமா அக்கா?" என்று கேட்டேன்.

"அந்தப் பதினோரு பிள்ளைல ஒம்போது இன்னும் அங்கதான் தைக்கிதுக. கதவு தொறந்து கெடக்கு. என்ன வருத்தம்?"

இப்போது இருவரும் மங்கலத்தில் ஒரு விசைத்தறிக் கூடத்தில் வேலை செய்கிறார்கள். சேர்ந்த முதல் நாளே, யாரும் சொல்லாமல், ராமுத்தாய் போய்ப் பின்கதவைத் தள்ளிப் பார்த்தார். பூட்டியிருந்தது. மறுபடி ஆரம்பித்திருக்கிறார்.

இதைப் படித்து முடித்ததும் ராமுத்தாய்க்காக உச்சுக்கொட்ட வேண்டாம். நாளைக் காலையில் நீங்கள் வேலை செய்யும் இடத்தில், உங்கள் பிள்ளை படிக்கும் பள்ளியில், நீங்கள் படம் பார்க்கும் தியேட்டரில், வெளியேறும் வழி என்று எழுதியிருக்கும் கதவருகே போங்கள். கையை வைத்துத் தள்ளுங்கள். திறக்காவிட்டால், திறக்கும் வரை அந்த இடத்தை விட்டு நகராதீர்கள்.