உப்பளத்துத் திரௌபதிக்குக் கொடுத்த பொடி

மரக்காணம் கடைவீதியில் தட்சணாமூர்த்தி ஐயாவின் ஆயுர்வேத வைத்தியசாலையில் பதினோரு வருஷம் மருந்து மடித்துக் கொடுத்தேன். என் பெயர் ஞானாம்பாள். எனக்கு வாய் கொஞ்சம் நீளம், பொறுமை ரொம்பக் குறைச்சல். வியாதியைச் சொல்ல வந்தவர்கள் நாத்தனார் கதையை ஆரம்பித்தால், "வயித்து வலிக்கு வா தாயி" என்று அதட்டுவேன். அப்படிப்பட்ட என்னையே வாயடைக்க வைத்தவள் ஒருத்திதான். உப்பளத்தில் கூலி வேலை செய்த திரௌபதி.

சுனாமிக்கு நாலு மாசம் கழித்து, 2005 ஏப்ரலில் முதல் தடவை வந்தாள். இருபத்தாறு வயது. கல்யாணமாகி ஆறு வருஷம், குழந்தை இல்லை. வருஷத்துக்கு மூணு தடவை வீட்டுக்குத் தூரமானால் அதிகம். புதுச்சேரியில் ஸ்கேன் எடுத்துப் பார்த்து, சினைப்பையில் நீர்க்கட்டி என்றிருக்கிறார்கள். மாத்திரை போட்டால் வந்தது, விட்டால் நின்றது. மாமியார் பொன்னம்மாள், "இன்னும் ஒரு வருசம் பாப்பேன், அப்பறம் என் புள்ளைக்கு வேற பொண்ணு" என்று தெருவுக்கே கேட்கும்படி சொல்லியிருந்தாள். புருஷன் கலியன் அதற்கு வாயே திறக்கவில்லை. அதுதான் அவளுக்குப் பெரிய பயம்.

ஐயா நாடி பார்த்தார், நாக்கைப் பார்த்தார், ஸ்கேன் காகிதத்தையும் பார்த்தார். பிறகு கேட்டார், "ஒரு நாளைக்கு எவ்ளோ தண்ணி குடிப்ப?"

"விடியக்காலம் ஒரு சொம்பு. அப்பறம் ஊட்டுக்கு வந்துதாங்க."

"உப்பளத்துல?"

"குடிச்சா ஒதுங்கப் போவணுமில்லிங்க. எங்க போறது? சுத்தி வெட்டவெளி, ஆம்பளைங்க நிக்கிறாங்க."

பதினாலு வயதிலிருந்து இப்படி அடக்கிக்கொண்டே வேலை செய்கிறாளாம். காலைச் சாப்பாடும் பதினோரு மணிக்குத்தான். ஐயா பேனாவை மூடி வைத்தார். "வர்றதை அடக்குனா வாயு தாறுமாறாப் போகும்னு நம்ம சாஸ்திரம் சொல்லுது. கட்டி கரைஞ்சிடும்னு சத்தியம் பண்ண மாட்டேன். ஆனா நீ இதை மாத்தலன்னா நான் குடுக்கிற மருந்து வேலைக்கு ஆகாது."

அசோகாரிஷ்டம் ஒரு பாட்டில், கழற்சிக்காய் மாத்திரை, கருப்பு எள்ளும் வெல்லமும் இடித்து உருண்டை. பசியோடு வேலைக்குப் போகக் கூடாது, மணிக்கு ஒரு தரம் தண்ணீர் குடிக்க வேண்டும். ஸ்கேன் எடுத்த டாக்டரம்மாவையும் விட்டுவிடக் கூடாது. எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். இப்படித் தலையாட்டிவிட்டுப் போனவர்கள் எத்தனை பேர் என்று மனசுக்குள் சிரித்துக்கொண்டேன்.

பத்து நாளில் சேதி வந்தது. பத்துக் கீற்று ஓலையைத் தலையில் சுமந்து போய், அகலமான வரப்பில் நாலு கம்பு நட்டு மறைப்புக் கட்டியிருக்கிறாள். யாரைக் கேட்டுக் கட்டினாய் என்று மேஸ்திரி எகிறியதற்கு, "வைத்தியர் எழுதிக் குடுத்த மருந்துல இதுவும் ஒண்ணுங்க" என்றாளாம். அந்த வாரமே அங்கே வேலை செய்த பெண்கள் அத்தனை பேரும் தண்ணீர்க் குடத்தோடு வர ஆரம்பித்தார்கள். வாயில்லாப் பூச்சி என்று நான் நினைத்த பெண் செய்த காரியம் இது. உண்மையாகவே மலைத்துப் போனேன்.

அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. எட்டு நாளைக்கு ஒரு தடவை பாத்தியில் உப்பு வாருவார்கள், அதை வைத்தே கணக்குச் சொல்வாள். "ஏழு தடவ உப்பு வாரிட்டோம், அப்ப வந்துச்சுக்கா" என்றாள் முதலில், அதாவது ஐம்பத்தாறு நாள். அடுத்தது ஐந்து. அதற்கடுத்தது நாலு. ஐயா நோட்டில் குறித்துவிட்டுச் சிரித்தார். மழைக்காலத்தில் அளம் மூடிய பிறகும் மாசா மாசம் ஒழுங்காக வந்தது.

2006 மார்ச்சில் மறுபடி நின்றுபோனது. ஐம்பது நாள் ஆகிவிட்டது என்று வந்து நின்றாள். முகம் செத்துப்போயிருந்தது. ஐயா அன்றைக்குத் திண்டிவனத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார். தூரத்தை வரவழைக்கிற கஷாயப் பொடியைக் கொடுக்கும் முன், கர்ப்பமா என்று சிறுநீர் கார்டு போட்டுப் பார்க்காமல் விடவே கூடாது என்பது அவர் கண்டிப்பு. அது கர்ப்பத்தைக் கலைத்துவிடக்கூடிய மருந்து.

நான் கார்டை எடுத்தேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வேணாங்கா. ஆறு வருசமா ஒத்தக் கோடு பாத்துப் பாத்து அழுதுட்டேன். இன்னொரு தடவ என்னால ஆவாது."

ஊரையே அதட்டுகிற நான் அன்றைக்கு இளகிவிட்டேன். கார்டு போடாமலே அந்தப் பொடியை ஏழு பொட்டலம் மடித்தேன். "ஒரு பொட்டலத்தை நாலு டம்ளர் தண்ணியில போடு. ஒரு டம்ளரா வத்தினதும் வடிகட்டி, வெறும் வயித்துல குடி" என்று சொல்லி அனுப்பினேன்.

மூன்றாம் நாள் காலையில் ஐயா நோட்டைப் புரட்டினார். "திரௌபதிக்குக் கார்டு போட்டியாம்மா?"

இல்லை என்று தலையாட்டினேன். அவர் நோட்டை மூடினார். "ஓடு" என்றார்.

கார்டை இடுப்பில் செருகிக்கொண்டு உப்பளத்துக்கு ஆட்டோ பிடித்தேன். இரண்டு நாள் ஆகிவிட்டது, குடித்திருப்பாள், நான்தான் ஒரு உயிரைக் கொன்றேன் என்று வழியெல்லாம் புலம்பினேன். வரப்பில் செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு ஓடினேன்.

"குடிச்சிட்டியாடி?"

உப்பு வாரும் பலகையைக் கையில் பிடித்தபடியே நிமிர்ந்தாள். "இல்லக்கா. இன்னும் வத்தலியே."

வரப்பின் மேல் ஒரு பெரிய தாம்பாளம். மேலே மெல்லிய துணி. அடியில் பழுப்பாகக் கஷாயத் தண்ணீர், பாதிகூடக் குறையாமல்.

"அடுப்புல வெக்கலியா?"

"வெச்சா நாத்தம் தெருவுக்கே தெரியும். மறுபடி நின்னுபோச்சுன்னு அத்தை கண்டுபுடிச்சிடும். கடல் தண்ணியையே வெயில்ல வத்த வெக்கிறோம், இது வத்தாதான்னு இங்க கொண்டாந்து வெச்சேன். ரெண்டு நாளா பாரு, ஒரே மூடாக்கு. வெயிலே இல்ல."

அப்படியே வரப்பில் உட்கார்ந்தேன். பதினோரு வருஷத்தில் கஷாயத்தை வெயிலில் வைத்த மனுஷியை நான் கண்டதில்லை. சிரிப்பதா அழுவதா என்றே தெரியவில்லை. கார்டை நீட்டினேன். வேண்டாம் என்றாள். "எனக்காகப் போடு, உன் கால்ல வுழறேன்" என்றேன். என் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தையை அவள் எதிர்பார்க்கவில்லை, வாங்கிக்கொண்டு போனாள்.

திரும்பி வந்து கார்டைப் பார்க்காமலே என் கையில் வைத்தாள். இரண்டு பேரும் குனிந்துகொண்டு காத்திருந்தோம். முதல் கோடு வந்தது. கொஞ்ச நேரம் கழித்து, அதன் பக்கத்தில் இன்னொன்று.

உண்மையைச் சொன்னேன். "இதைக் குடிச்சிருந்தா கலைஞ்சிருக்கும் திரௌபதி. என் தப்பு."

அவள் தாம்பாளத்தையே பார்த்தாள். பிறகு அதைத் தூக்கி, பாத்தியில் சிந்தாமல் நடந்து போய், வரப்புக்கு அந்தப்புறம் கவிழ்த்துவிட்டு வந்தாள். கார்டை வாங்கிக் கண்ணருகே வைத்துக்கொண்டாள்.

"ரெண்டாவது ரொம்ப மெலிசா இருக்குதே. இது போதுமாக்கா?"