ஹாவெரிக் கிளப்பின் பதிமூன்றாவது ஆள்

"சும்மா ரீல் விடுறா" என்று சொல்லப் போகிறவர்கள் இப்போதே எழுந்து போய்விடலாம். எனக்குக் கோபமில்லை. போன ஜனவரியில், பட்டப்பகலில், என் கண்ணெதிரே நடந்தது இது. பேய் ராத்திரியில்தான் வரும் என்று யார் சொன்னது? எங்கள் ஊரில் மத்தியானம் வந்தது. வெற்றிலை பாக்கு வைத்து அழைத்தவளே நான்தான்.

என் பெயர் வெண்டி மாஸ்க்ரோப். ஹாவெரிக் ரக்பி கிளப்பின் செயலாளர். பெரிய பதவி என்று நினைத்துவிடாதீர்கள். டீ போடுவது, ஜெர்சி துவைப்பது, தண்ணீர் பாட்டிலோடு சேற்றில் ஓடுவது எல்லாம் நான்தான். எங்களுடையது கடலோர ஊர். இரும்பு ஆலை மூடினார்கள், சுரங்கம் மூடினார்கள், மிஞ்சியது இந்தக் கிளப்தான். பதினைந்து பேர் ஆடும் ரக்பி ஒன்று இருக்கிறது, அது வசதியான வீட்டுப் பிள்ளைகள் ஆடுவது. எங்களுடையது பதிமூன்று பேர் ஆடுவது. ஒரு காலத்தில் ஐயாயிரம் பேர் நின்று கத்திய மைதானம். இப்போது எண்பது பேர் வந்தாலே எங்களுக்குத் திருவிழா.

ஆள் சேராமல் ஏற்கெனவே இரண்டு ஆட்டங்களைக் கைவிட்டிருந்தோம். மூன்றாவதும் போனால் லீக்கிலிருந்தே எங்கள் பெயரை அடித்துவிடுவார்கள். நூறு வருஷத்துக்கு மேலான கிளப், அன்றோடு சரி.

அந்த ஞாயிறு, மதியம் 1.10. உடை மாற்றும் அறையில் தலைகளை எண்ணினேன். பன்னிரண்டு.

"என் மச்சினன் ஒருத்தனை அனுப்புறான். பேரு டீன்," என்றான் பயிற்சியாளர் மிக். "ஆனா அவன் வேற கிளப்புல பதிவு பண்ணவன். நம்ம பையன் எவன் பேர்லயாவதுதான் இறக்கணும்."

"எவன் பேர்ல?"

மிக் என் முகத்தைப் பார்க்கவில்லை. "லீயம் பேரை நாம இன்னும் பதிவுலேர்ந்து எடுக்கலியே."

அறையில் எல்லோர் காதிலும் விழுந்தது. எல்லோரும் குனிந்து பூட்ஸ் கயிற்றைக் கட்ட ஆரம்பித்தார்கள்.

லீயம் ஃபியரன். இரண்டு வருஷத்துக்கு முன் இதே மைதானத்தில், கடல் பக்கத்து மூலையில், கழுத்து முறிந்து விழுந்தவன். கழுத்துக்குக் கீழே ஒன்றும் அசையாது. வயது இருபத்தாறு. ஆஸ்பத்திரியில் அவன் அம்மா பிரெண்டாவின் கையைப் பிடித்து, "கிளப் உங்களைக் கைவிடாது" என்று சொன்னவள் நான். அதற்குப் பிறகு ஒரு தடவைகூடப் போகவில்லை. என் வீட்டிலிருந்து நாலு தெருதான். அவன் ஜன்னலைப் பார்க்க வேண்டி வருமே என்று கடைக்குக்கூடச் சுற்றிக்கொண்டுதான் போவேன். முதலில் நேரமில்லாமல் போகவில்லை. அப்புறம் எந்த முகத்தோடு போவது?

அந்தப் பெயரைத்தான் பட்டியலில் எழுதினேன். கை கூசியது. ஆனாலும் எழுதினேன்.

1.52. கதவு திறந்தது. கடல்பக்கத்து மூடுபனி உள்ளே வந்தது, பின்னாலேயே ஒரு ஆள். காது மூடும் ஆட்டத்தொப்பியைக் கன்னம் வரை இழுத்துக் கட்டியிருந்தான்.

"டீனா?"

நேராகப் போய் உடைந்த ஜன்னலுக்குக் கீழே உட்கார்ந்தான். அது லீயமின் இடம். அவன் விழுந்த நாளிலிருந்து அங்கே யாரும் உட்காருவதில்லை. வெளியூர்க்காரன், அவனுக்கென்ன தெரியும் என்று என்னை நானே சமாதானம் செய்துகொண்டேன்.

2.00. ஆட்டம் தொடங்கியது.

ஜனவரிக் குளிர். இரண்டு அணியும் தோளோடு தோள் முட்டி நின்றால், மேலே கெட்டில் கொதிக்கிற மாதிரி ஆவி எழும். எல்லோர் வாயிலிருந்தும் புகை.

அவன் வாயிலிருந்து மட்டும் வரவில்லை.

2.25. தண்ணீர் பாட்டிலோடு ஓடினேன். "டீன், இந்தா!" திரும்பவில்லை. மறுபடி கூப்பிட்டேன். திரும்பவே இல்லை. நடுவர் பக்கத்தில் நின்றார். எங்கள் அணித்தலைவன் கார்ல் பயந்துபோய், "டேய் லீயம், இந்தப் பக்கம்டா!" என்று கத்தினான்.

சட்டென்று திரும்பினான்.

கார்லின் முகம் வெளுத்துவிட்டது. நான் பாட்டிலை நீட்டியபடியே நின்றேன்.

எதிரணிப் பையன் ஒருத்தன் நொண்டிக்கொண்டே என்னைக் கடந்து போனான். "யாரும்மா அவன்? மோதினா எலும்புக்குள்ள குளிருது."

3.15. பந்து கடல் பக்கத்து மூலைக்குப் போனது. அவன் துரத்திக்கொண்டு ஓடினான். லீயம் விழுந்த அதே இடம் வந்ததும்... நின்றான். பந்தை விட்டுவிட்டான். மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தான்.

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

3.38. ஆட்டம் முடிந்த சங்கு. தோற்றோம். அதனால் என்ன, ஆடிவிட்டோமே! கிளப் பிழைத்தது. பையன்கள் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். அவன் மட்டும் கடல் பக்கமாக நடந்து மூடுபனிக்குள் போனான்.

3.44. போனை எடுத்தேன். ஒரு செய்தி வந்திருந்தது. அனுப்பிய நேரம் 1.31.

"மூடுபனியால ரோட்டை அடைச்சுட்டாங்க. பாதியிலயே திரும்பிட்டேன். மன்னிச்சுக்குங்க. டீன்."

5.20க்கு லீயம் வீட்டுக் கதவைத் தட்டினேன். எப்படி நடந்து போனேன் என்று நினைவில்லை. பிரெண்டா திறந்தாள்.

"இப்பத்தான் வழி தெரிஞ்சுதா?"

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. அவள் உள்ளே கூட்டிக்கொண்டு போனாள். "ரெண்டு மணிலேர்ந்து கண்ணே திறக்கல வெண்டி. மூணே முக்காலுக்குத்தான் முழிச்சான். யாரும் அவனைத் தொடல. இங்க பாரு." போர்வையை விலக்கினாள்.

தோள் முழுக்க நீலம். விலாவில் வரிசையாக வட்டத் தடங்கள்... ஆட்ட பூட்ஸின் ஆணி பதிந்த தடங்கள்.

லீயம் என்னைப் பார்த்தான். "தோத்துட்டோம்ல?"

தலையாட்டினேன்.

"கேட்டிருக்கலாம் வெண்டி. ஒரு வார்த்தை கேட்டிருந்தா நானே சரின்னு சொல்லியிருப்பேன்."

இரண்டு வருஷமாக நான் பயந்தது அவன் திட்டுவான் என்றுதான். அவன் திட்டவே இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை. வாசலில் பிரெண்டா என் கையைப் பிடித்தாள். "இன்னொரு தடவை வேணாம். டாக்டர் வந்துட்டுப் போனாரு. இன்னொரு தடவை இப்படி வந்தா அவன் நெஞ்சு தாங்காதாம்." இனி அவன் பெயரை எழுத மாட்டேன் என்று சத்தியம் செய்துகொடுத்தேன்.

அடுத்த ஞாயிறு. மறுபடியும் மூடுபனி. மறுபடியும் பன்னிரண்டு பேர்.

பன்னிரண்டு பெயரை மட்டும் எழுதிப் பேனாவை மூடினேன். "இன்னையோட முடிஞ்சுதுடா," என்றேன். மிக் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான். தோள் குலுங்கியது.

1.58. பட்டியலை நடுவரிடம் கொடுத்தேன்.

"ஒரு பேர் விட்டுப்போச்சே அம்மா."

"இல்லீங்க. பன்னிரண்டு பேர்தான். ஆட்டத்தைக் கைவிடுறோம்."

அவர் என் தோளுக்கு மேலே பார்த்தார். "அங்க பதிமூணு பேர் நிக்கிறாங்களே."

திரும்பினேன். எண்ணினேன்.

பதிமூன்று.

கோடியில், தொப்பியைக் கன்னம் வரை கட்டிக்கொண்டு...

"அவர் பேரென்ன? சீக்கிரம் சொல்லுங்க, நேரமாகுது."

கார்ல் என்னைப் பார்த்தான். மிக் என்னைப் பார்த்தான். பன்னிரண்டு பையன்களும் என்னைப் பார்த்தார்கள். 'எனக்குத் தெரியாது' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆட்டம் இல்லை. கிளப்பும் இல்லை.

"லீயம் ஃபியரன்," என்றேன்.

2.31. பையில் போன் அதிர்ந்தது.

பிரெண்டா.

எடுத்தால் ஆட்டத்தை நிறுத்த வேண்டும். நிறுத்தினால் எல்லாம் போச்சு. அவள் பெயரைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

2.34. மறுபடி.

2.36. மறுபடி.

அப்புறம் அடிக்கவில்லை.

அன்றைக்கு ஜெயித்தோம். அந்தப் பருவத்தின் முதல் வெற்றி. கடைசி நிமிஷத்தில் கோட்டைத் தொடப் போன எதிரணிக்காரனை விழுத்தாட்டித் தடுத்தது அவன்தான். எண்பது பேரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். நானும் தட்டினேன். தெரிந்தே தட்டினேன்.

இறப்புச் சான்றிதழில் டாக்டர் எழுதிக்கொடுத்த நேரம் 2.36. இடைவேளையே 2.40க்குத்தான். அதற்குப் பிறகும் நாற்பது நிமிஷம் அவன் ஆடினான்.

அடக்கத்துக்கு மொத்த ஊரும் வந்தது. சவப்பெட்டிமேல் கிளப் ஜெர்சியை விரித்தது நான். பிரெண்டா அழவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"போன் அடிச்சுது இல்ல?"

"கூட்டச் சத்தத்துல கேக்கல பிரெண்டா," என்றேன்.

கிளப் இன்னும் லீக்கில் இருக்கிறது. அடுத்த வருஷம் இருக்குமா, தெரியாது. இந்த ஞாயிறும் ஆட்டம் உண்டு. எங்களிடம் இருப்பது பன்னிரண்டு பேர். நடுவர் விரலை நீட்டி எண்ணும்போது எங்களில் ஒருத்தரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை. ஒவ்வொரு வாரமும் அவர் பதிமூன்று என்று எழுதிக்கொண்டு, பெயர் கேட்கிறார். நான் சொல்கிறேன்.