கோகிலாவும் நானும் ஒரே வேலைக்கு வந்தோம்

துணி மாதிரியை அனுப்பிவிட்டேனா என்று கேட்கத்தான் நான் முன்பு இருந்த கம்பெனியிலிருந்து போன் வந்தது. அனுப்பிவிட்டேன் என்றேன். "சரிங்க" என்றவர் போனை வைக்கவில்லை. "நம்ம கோகிலா தவறிட்டாங்க. நாலு நாள் காய்ச்சலுங்க. உங்களுக்குச் சொல்லோணும்னு தோணுச்சு" என்றார். மேசையில் இருந்த நீலத் துணிக்கு நம்பர் எழுதி முடித்தேன். அது தப்பான நம்பர். மறுநாள்தான் திருத்தினேன்.

பனியன் தொழிலில் இருக்கும் உங்களில் பலருக்கு அவள் ஒரு போன் குரல். பட்டன் தருகிறவர், பிரிண்டிங் போடுகிறவர், அட்டைப்பெட்டி கொண்டுவருகிறவர் என்று எல்லோரையும் "அண்ணா" என்று ஆரம்பித்துத் திட்டி முடிப்பாள். எனக்கு அவள் என்னோடு ஒரே நாளில் ஒரே வேலைக்குச் சேர்ந்தவள். ஏற்றுமதிக்கு இருந்த கோட்டா கட்டுப்பாடு முடிந்து ஆர்டர்கள் குவிந்த வருஷம் அது. இருவரும் டிரெயினி. ஆறு மாதம் கழித்து ஒருவரை மட்டும் மெர்சண்டைசராக எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார்கள். துணி வாங்கும் வெளிநாட்டு பையரோடு பேசி, ஓர் ஆர்டரைக் கடைசிவரை கொண்டுசெல்லும் வேலை.

எங்கள் வீட்டில் டிகிரி முடித்த முதல் ஆள் நான். அவிநாசிப் பக்கம் ஊர். படித்தது வேதியியல். டீச்சர், பேங்க், கம்ப்யூட்டர் என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். அம்மா பனியன் கம்பெனியில் பிசிறு வெட்டுகிறவர். அவர் அருகில் பார்த்திருந்த ஒரே படித்த பெண், அங்கே ஏசி அறையில் இங்கிலீஷ் பேசிய மெர்சண்டைசர். "அந்தப் புள்ளையாட்ட நீ உக்காரோணும் கண்ணு" என்றார். சேர்ந்துவிட்டேன். போன் மணி அடித்தால் எனக்குக் கை வியர்க்கும் என்பதை அம்மாவிடம் சொல்லவில்லை.

கோகிலாவின் இங்கிலீஷ் என்னுடையதைவிட மோசம். முதல் வாரத்திலேயே பையரிடம் "ஐ டோன்ட் நோ, ஒன் மினிட்" என்று சொல்லிவிட்டுக் கட்டிங் மாஸ்டரிடம் கேட்க ஓடினாள். வெட்கமாக இல்லையா என்றேன். "தெரியாதுன்னு சொல்ற இங்கிலீஷ்தான் எனக்கு நல்லா வருது புள்ள" என்றாள்.

ஐந்தாவது மாதம், ஒரு மழை நாள். மெரூன் டீ-ஷர்ட் ஆர்டர். உடம்புத் துணியும் கழுத்துக்கான ரிப் துணியும் தனித்தனியாகச் சாயம் ஏறி வரும். இரண்டையும் பகல் வெளிச்சத்தில் சேர்த்துப் பார்த்த பிறகுதான் வெட்டுவது வழக்கம். அன்று அவசரம். மேனேஜர் டியூப்லைட்டுக்குக் கீழே பார்த்தே ஓகே போட்டுவிட்டார். மதியம் வெயில் வந்ததும் ஜன்னலோரம் கிடந்த துண்டுகளைப் பார்த்தேன். ரிப்பில் சிவப்பு சற்றுத் தூக்கலாக இருந்தது. மேனேஜரிடம் சொல்ல வேண்டும் என்று தெரிந்தது. கோகிலாவிடம் சொன்னேன்.

"எனக்கு ரெண்டும் ஒண்ணாத்தான் தெரியுது. உனக்கு வேறயாத் தெரியுதல்ல?" என்று கேட்டவள், என் கையைப் பிடித்துக் கட்டிங் மேசைக்கு இழுத்துப்போனாள். "மாஸ்டர், மெஷின நிறுத்துங்க. இந்தப் புள்ள ஒண்ணு சொல்லுதுங்க."

மேனேஜர் வந்து துணியை வாசலுக்குக் கொண்டுபோய்ப் பார்த்தார். ரிப்பை மறுபடியும் சாயத்துக்கு அனுப்பச் சொன்னார். பிறகு என்னிடம், "ஏம்மா, இந்தக் கண்ண வெச்சுக்கிட்டு போன்ல என்ன பண்றே? நமக்குச் சாயம் போடற யூனிட்ல, கலர் பாக்கற லேபுக்கு ஆள் கேக்கறாங்க. போறயா?" என்றார்.

அங்கே ஏசி கிடையாது. லேபில் பெண்களே கிடையாது. "தள்ளி உட்டுட்டாங்களா கண்ணு?" என்றார் அம்மா. எனக்கும் சந்தேகம் வந்தது. கோகிலா என்னை எல்லோர் முன்னாலும் நிறுத்தியது எனக்காகவா, அந்த ஒரே இடத்துக்காகவா? மூன்று நாள் அவளோடு பேசவில்லை. நான் பேசாததை வேறு யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். அவள் கவனித்தாள். கேன்டீனில் எதிரே வந்து உட்கார்ந்து, "திட்டோணும்னா திட்டிப்போடு" என்றாள். மனதில் இருந்ததைக் கேட்டேன்.

"ஆமா. அந்த சீட்டு எனக்கு வேணும். மாஸ்டர்கிட்ட உன்னை இழுத்துட்டுப் போறப்பவும் அது ஞாபகம் இருந்துச்சு" என்றாள். சோற்றைப் பிசைந்தபடி, "உனக்கும் வேணும்னா சொல்லு, போட்டி போடலாம். வேணுமா?"

"அம்மாவுக்கு வேணும்" என்றேன்.

"அப்ப அம்மாவ வரச் சொல்லு, இன்டர்வியூ வெச்சுக்கலாம்."

சிரித்ததில் எனக்குப் புரையேறியது. அடுத்த திங்கட்கிழமை சாய யூனிட்டில் சேர்ந்தேன். அம்மா சமாதானமாக ஒரு வருஷம் ஆயிற்று. அந்த இடம் கோகிலாவுக்குக் கிடைத்தது. பிறகு என் மாதிரிகளை பையர் திருப்பி அனுப்பும்போதெல்லாம் அவள்தான் போன் செய்வாள். எனக்குக் கை வியர்க்காத ஒரே போன் அவளுடையது.

நாங்கள் நெருங்கிய தோழிகள் அல்ல. அவள் கல்யாணத்துக்குப் போய்ப் பத்து நிமிடத்தில் திரும்பியவள் நான். அவள் எனக்கு எதையும் விட்டுக்கொடுக்கவும் இல்லை. தனக்கு வேண்டியதை என் முகத்தைப் பார்த்துச் சொன்னாள். எனக்கு வேண்டியதை என்னைச் சொல்ல வைத்தாள். அது மட்டும் என்னிடம் இருக்கட்டும்.

கோகிலா வீட்டுக்குப் போய்த் துக்கம் கேட்டு வந்த மறுவாரம், லேப் முழுவதையும் நானே பார்த்துக்கொள்கிறேனா என்று யூனிட் முதலாளி கேட்டார். வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்பதுதான் என் வழக்கமான பதில்.

"பாத்துக்கறேனுங்க. எனக்கு அது வேணுங்க" என்றேன்.