கீழ்த்தளத்தில் இருபது நிமிடம்

வீடு வீடாகப் போய் ரத்தம் எடுத்துப் பரிசோதனைக்கூடத்தில் சேர்ப்பது அவள் வேலை. நோயாளிகள் வைத்த பட்டப்பெயர் கொசு. நாற்பதை நெருங்கும் வயதில் அவளுக்கென்று இருந்த ஒரே பைத்தியம் அமெச்சூர் ரேடியோ. பரீட்சை எழுதி உரிமம் வாங்கியவள், காரில் தானே ஒரு சின்ன டிரான்ஸ்மிட்டரைப் பொருத்தியிருந்தாள். கார் எங்கே இருக்கிறது என்று நிமிடத்துக்கு ஒருமுறை அது காற்றில் சொல்லும். ஊரிலுள்ள ரேடியோ நண்பர்களின் ஆன்டெனாக்கள் அதைப் பிடித்து, இணைய வரைபடத்தில் ஒரு புள்ளியாகப் போட்டுவிடும்.

அப்பா பஸ் டெப்போவில் முப்பத்தோரு வருடம் டைம்கீப்பர். பக்கவாதத்தில் வலப்பக்கம் செயலிழந்து படுத்தபின், பொழுது போகட்டுமே என்று அவள்தான் கட்டிலுக்கு எதிரே திரை வைத்துப் புள்ளியைக் காட்டினாள். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொண்ட கதைதான். அவர் இடக்கையால் கோணல்மாணலாகக் குறிப்பெடுக்க ஆரம்பித்தார்.

"ஏம்மா, பேக்கரி முன்னாடி நாலு நிமிஷம் நின்னியே?"

"டயர்ல காத்து கம்மிப்பா."

"காத்தடிக்கிற கடை எதிர்ச்சாரில இல்ல இருக்கு?"

நீச்சல் வகுப்பில் சேர்ந்தவள் இரண்டாம் நாளே நின்றுவிட்டாள். ஒரு மணி நேரம் புள்ளி அசையாமல் நின்றால் அவர் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார். டிரான்ஸ்மிட்டரை அணைத்துப் பார்த்தாள். ஆறு நிமிடத்தில் போன் வந்தது.

அப்படித்தான் பரிசோதனைக்கூடத்தின் கீழ்த்தள பார்க்கிங்கைக் கண்டுபிடித்தாள். இரண்டு மாடி ஆழம். அங்கே ரேடியோவும் எட்டாது, போனும் எட்டாது. வரைபடத்தில் புள்ளி கூடத்தின் வாசலிலேயே நிற்கும்; பார்ப்பவருக்கு வேலையில் இருப்பதாகத் தோன்றும். தினமும் மாதிரிகளைக் கொடுத்துவிட்டு, தூண் ஓரமாகக் காருக்குள் சீட்டைச் சாய்த்து இருபது நிமிடம் சும்மா இருப்பாள். ஏழு மாதமாக அவளுடையதென்று இருந்தது அந்த இருபது நிமிடம்தான்.

ஒரு செவ்வாய்க்கிழமை அசந்து தூங்கிவிட்டாள். யாரோ கண்ணாடியைத் தட்ட விழித்தால், ரேடியோ நண்பரான சைக்கிள் கடைக்காரர் மூச்சு வாங்க நின்றிருந்தார்.

"உசுரோட இருக்கியா தாயே! உங்கப்பா நம்ம ரேடியோ குரூப் பல் டாக்டருக்கு போன் போட்டு, அவர் ரேடியோல சொல்லி, ஊரே உன்னைத் தேடுது."

கார் மேலே ஏறியதுமே ஸ்பீக்கரில் ஆளாளுக்கு அவளுடைய ரேடியோப் பெயரான அழைப்புக்குறியைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். "நல்லா இருக்கேன். மன்னிச்சிடுங்க" என்று மைக்கில் சொன்னாள்.

வீட்டில் அப்பாவின் முழங்கையில் ரத்தம் கசிந்திருந்தது. எழுந்து வரப் பார்த்துக் கட்டிலிலிருந்து விழுந்திருக்கிறார். பக்கத்து வீட்டு அக்கா தூக்கிப் படுக்க வைத்திருந்தாள். திட்டலாம் என்று வந்தவள் பஞ்சை எடுத்துத் துடைத்தாள்.

"அப்பா, நான் வேணும்னுதான் அங்க போய் உக்காந்தேன். தினமும் போறேன். நீங்க பாக்காத எடம் அது ஒண்ணுதான்."

அவர் தலையணையடியிலிருந்து இடக்கையால் நோட்டை இழுத்தார்.

"இருபது நிமிஷம் நிக்கும். தெரியும். ரெஸ்ட்னு எழுதிவச்சிருக்கேன். டிரைவருக்கு ரெஸ்ட் குடுக்காத டெப்போ உண்டா? இன்னிக்கு அம்பது ஆயிடுச்சும்மா. அதான் பயந்துட்டேன்."

நோட்டைக் காட்டினார். ஏழு மாதமும் இருந்தது. ஒருநாள்கூட விட்டுப்போகவில்லை.

மறுநாள் அதே தூண் ஓரமாகக் காரை நிறுத்தி, சீட்டைச் சாய்த்துக் கண்ணை மூடினாள். மேலே ஒரு பேனா காத்திருப்பது தெரிந்துவிட்டபின் உடம்பு தளரவில்லை. பன்னிரண்டாம் நிமிடம் வண்டியைக் கிளப்பினாள். வாசலைத் தாண்டியதுமே போன் அடித்தது.

"என்னம்மா, இன்னிக்கு எட்டு நிமிஷம் முன்னாடியே வந்துட்ட?"