இடது காதும் நான்கு குரல்களும்

கடைசியாக எப்போது உங்கள் காதை நீங்கள் சந்தேகித்தீர்கள்? கண் மங்கினால் கண்ணாடிக் கடைக்குப் போகிறோம். காது மங்கினால் எதிரில் இருப்பவர் முணுமுணுக்கிறார் என்கிறோம். படித்தவர், படிக்காதவர் என்ற வேறுபாடே இதில் கிடையாது. நானும் அப்படித்தான் இருந்தேன். நவமணியின் காதுக்கு நேர்ந்ததையும், மிச்சம் இருந்தது எப்படிக் காப்பாற்றப்பட்டது என்பதையும் அருகிலிருந்து பார்த்த பிறகுதான் திருந்தினேன்.

நவமணி பைராம் தோட்டத்தில் ஒரு தொழிலாளர் குடும்பத்தில் பிறந்தவள். பதினெட்டு வயதில் பினாங்குக்கு வந்து, ஜெலுத்தோங் அடுக்குமாடி ஒன்றில் தோழிகளோடு அறை எடுத்துத் தங்கி, பாயான் லெப்பாசில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் சேர்ந்தாள். 1985இல் பழுதான ரேடியோவைத் தூக்கிக்கொண்டு முகம்மது கனியின் கடைக்குப் போனாள். ரேடியோ பழுது பார்ப்பது கனியின் பிழைப்பு. பாட்டுக் கலப்பது அவருடைய பைத்தியம். அன்று அவர் ஒரே பாட்டை இரண்டு விதமாக ஒலிக்கவிட்டுக்கொண்டிருந்தார். ஒன்றில் பாடுகிறவள் பக்கத்தில் நின்றாள். மற்றதில் அடுத்த வீட்டில் நின்றாள்.

"என்னண்ணே பண்ணீங்க?" என்று கேட்டாள் நவமணி.

"ஒண்ணும் பண்ணல லா. தபேலாவ கொஞ்சம் உக்காரச் சொன்னேன்."

அடுத்த வாரமே அவள் எங்கள் கூட்டத்தில் சேர்ந்துவிட்டாள். கனி, அஞ்சல் நிலையத்தில் வேலை செய்த சலேஹா, ஓய்வுபெற்ற குமாஸ்தா அப்புத்துரை, நான், ஐந்தாவதாக நவமணி. எங்களுக்குள் ஒரே ஒரு நான்கு தடக் கேசட் இயந்திரம் இருந்தது. சலேஹாவின் குரல் ஒரு தடத்தில், கித்தார் ஒன்றில், தபேலா ஒன்றில், சலங்கை ஒன்றில். எதை எவ்வளவு ஏற்றுவது, எதன் கூர்மையைக் குறைப்பது என்று தீர்மானித்து, நான்கையும் ஒரே பாட்டாக்கி, சாதாரணக் கேசட்டில் இறக்க வேண்டும். அதுதான் கலவை. கனியின் மோட்டார் சைக்கிளில் ஏறி இயந்திரம் வாரம் ஒரு வீட்டுக்குப் போகும். ஐந்து பேரும் அதே பாட்டைக் கலப்போம்.

சொல்லித்தர ஆள் இல்லாத கலையை நாங்கள் ஒருவரையொருவர் திட்டித்தான் கற்றோம். அதற்கு ஒரு முறை வைத்திருந்தோம். கேசட்டுகளில் பெயர் இராது. கனியின் மனைவி எண் ஒட்டுவார். சிறந்ததைத் தேர்ந்தெடுக்கும்வரை எது யாருடையது என்று மூச்சு விடமாட்டார். முதல் பக்கத்தில் பாட்டு. மறுபக்கத்தில் ஐந்து பேரும் ஒருவர் பின் ஒருவராகக் குறை சொல்லிப் பதிய வேண்டும். தன் கேசட்டையும் தானே விமர்சிக்க வேண்டும். இல்லாவிட்டால் எந்தக் குரல் குறைகிறது என்று பார்த்து ஆளைப் பிடித்துவிடலாம். 'நல்லா இருக்கு' என்ற சொல்லுக்குத் தடை. எந்த இடத்தில், எது, ஏன் என்று சொல்ல வேண்டும். சாதியும் சம்பளமும் பார்த்து மதிப்பெண் போடும் இந்த ஊரில், தோட்டத்துப் பெண் கலந்ததும் குமாஸ்தா கலந்ததும் ஒரே எண் ஒட்டிக்கொண்டு ஒரே மேசைக்கு வந்தன.

நவமணியின் முதல் கேசட்டுக்கு அப்புத்துரை பதிந்தது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது: "இதைக் கலந்த பிள்ளை, பாடுற ஆளைக் கிணத்துக்கை தள்ளிப்போட்டு மூடியும் வைச்சிட்டுது." அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். குரலை ஏற்றினாள்; மற்றதெல்லாம் அமுங்கியது. மற்றதை ஏற்றினாள்; எல்லாம் சேர்ந்து கரகரத்தது. மூன்றாவது மாதம் அவளுக்கே புரிந்தது: குரலைத் தொடாமல் மற்றவற்றை இறக்க வேண்டும். 1986 முடியும்போது, நாங்கள் ஐவரும் சேர்ந்து கேட்டுச் சிறந்ததைத் தேர்ந்தால், அந்த எண்ணுக்கு உரியவர் யார் என்று கேட்கும்போது பெரும்பாலும் அவள் பெயர்தான் வந்தது.

1987 தொடக்கத்தில் தொழிற்சாலையில் அவளை வேறு வரிசைக்கு மாற்றினார்கள். மின்னணுச் சில்லுகளின் உலோகக் கால்களை வெட்டி வளைக்கும் இயந்திரங்கள் அங்கே நாள் முழுக்கத் தடதடக்கும். ஒவ்வொன்றிலும் தூசியை ஊதித் தள்ளும் காற்றுக் குழாய் சீறிக்கொண்டே இருக்கும். எல்லா இருக்கையிலும் போலவே நவமணியின் இருக்கையிலும் அது இடது காதுக்கு ஒரு முழத் தொலைவில் இருந்தது. காதடைப்பான்கள் கண்காணிப்பாளரின் மேசை இழுப்பறையில் பத்திரமாக இருந்தன. வெளிநாட்டிலிருந்து யாராவது பார்வையிட வந்தால் வெளியே வரும். அவர்கள் விமானம் ஏறியதும் திரும்ப உள்ளே போகும்.

ஓராண்டுக்குப் பிறகு, ஏதோ ஒரு கேசட் எங்கள் எல்லோரையும் முகம் சுளிக்க வைத்தது. "சலங்கை ஊசி மாதிரி குத்துது லா," என்றார் கனி. சலேஹா தன் கொஞ்சத் தமிழில், "என் பாட்டுல பாம்பு வருது. ஸ், ஸ், ஸ்," என்றாள். அப்புத்துரை, "பல்லுக் கூசுது," என்றார். நானோ, "இதைக் கலந்தவருக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது, பளபளப்புக் காட்டப் பார்க்கிறார்," என்று பதிந்தேன். ஒரு குறையைக் கேட்டதும் அதற்கு ஒரு குணக்கேட்டைக் காரணமாக்கினேன். அதை நினைக்க இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

மறுமாதமும் ஒரு கேசட்டுக்கு அதே வசவு. நவமணி கனியின் கடைக்கு வந்து கேசட்டை மேசையில் வைத்தாள். நானும் அங்கே இருந்தேன்.

"எல்லாரும் சேந்துக்கிட்டு ஒரே ஆள அடிக்கிறீங்க. என் டேப்புன்னு எப்படித் தெரியும் உங்களுக்கு?"

"உன்னுதா?" என்றார் கனி. அவர் முகத்தைப் பார்த்தாலே உண்மையாகவே தெரியாது என்று விளங்கியது. "உக்காரும்மா."

மறுபக்கத்தை ஓடவிட்டார். நாங்கள் நால்வரும் குத்துகிறது, கூசுகிறது என்று முடித்த பிறகு, விதிப்படி தன்னையே விமர்சித்த அவள் குரல் வந்தது: "சலங்கை மங்கலா இருக்கு. இன்னும் கொஞ்சம் தூக்கியிருக்கலாம்."

கனி இயந்திரத்தை நிறுத்தினார்.

"நாலு பேருக்குக் குத்துது. உனக்கு மட்டும் மங்கல். நவமணி, டேப்ப விடு. எப்ப உக்காந்து கலக்குற?"

"காலை ஷிப்ட் முடிஞ்சு நேரா வந்து. ஏன்?"

"அடுத்த பாட்ட ரெண்டு தடவ கலக்கு. ஒண்ணு வேலை முடிஞ்சு வந்ததும். ஒண்ணு ஞாயித்துக்கிழமை, நல்லாத் தூங்கி எழுந்திரிச்சு. எது எதுன்னு யாருக்கும் சொல்லாத."

இரண்டும் தனித்தனி எண்ணோடு வந்தன. வேலை நாள் கேசட் குத்தியது என்று நால்வரும் பதிந்தோம். ஞாயிற்றுக்கிழமை கேசட் குறைவாகக் குத்தியது, ஆனாலும் குத்தியது. ஓய்வெடுத்த காதுக்கும் முழுதாகக் கேட்கவில்லை, கேட்காததை ஈடுகட்டச் சலங்கையை ஏற்றிவிடுகிறாள் என்று அதற்குப் பொருள். முடிவைக் கேட்டதும் அவள் இரண்டு கேசட்டையும் எடுத்துப் பைக்குள் வைத்தாள். பிறகு, "எனக்கு இது ஒண்ணுதாண்ணே இருக்கு," என்றாள்.

தோட்டத்திலிருந்து அவள் அம்மா வடிவம்மாள் ஓடிவந்து, யாரோ கண் வைத்துவிட்டார்கள் என்று எலுமிச்சம் பழம் சுற்றினார். எலுமிச்சைக்குக் காற்றுக் குழாயை நிறுத்தத் தெரியாது என்று நான் சொல்லி, அந்த அம்மாளிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். சலேஹாதான் விடுப்புப் போட்டு நவமணியை அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போனாள். சோதனைத் தாளில் வலது காதின் கோடு ஏறக்குறைய நேராக ஓடியது. இடது காதின் கோடு உயர்ந்த ஒலிகள் வரும் இடத்தில் பள்ளத்தில் விழுந்தது. போனது திரும்பாது; சத்தத்தை விட்டு விலகினால் மிச்சம் இருப்பதாவது தங்கும் என்றார் மருத்துவர்.

நவமணி தாளோடு தொழிற்சாலை நிர்வாகியிடம் போனாள். அவர் கேட்டது ஒரே கேள்வி: "ஹெட்போன்ல பாட்டு கேக்குற பழக்கம் உண்டா?" உண்டு என்றாள். "அப்ப அதுதான் காரணம்." காதைக் கெடுத்தவர்கள், அந்தக் கெடுதலைக் கண்டுபிடித்துக் கொடுத்த பொழுதுபோக்கின் மேலேயே பழியைப் போட்டார்கள்.

நவமணி அன்று அழவில்லை என்று பிறகு சொன்னாள், கணக்குப் போட்டாளாம். ஹெட்போன் இரண்டு காதிலும் இருக்கிறது, கெட்டது ஒன்று மட்டும் ஏன்? மறுநாள் சின்ன கேசட் பெட்டியைத் தொழிற்சாலைச் சிற்றுண்டிச்சாலைக்குக் கொண்டுபோனாள். அவளே அதற்கென்று கலந்த ஒரு துண்டு அதில் இருந்தது. பாட்டுக்கு அடியில் மெல்லிய சலங்கை ஆறு முறை வரும். ஒரு காதைப் பொத்திக்கொண்டு, எத்தனை என்று எண்ணச் சொன்னாள்.

அவள் வரிசையில் வேலை செய்த ஜெயலெட்சுமி வலது காதால் கேட்டு ஆறு என்றாள். காது மாற்றிக்கொண்டு, "பாட்டு மட்டுந்தான் ஓடுது அக்கா. சலங்கை எப்ப ஆரம்பிக்கும்?" என்றாள்.

"முடிஞ்சு போச்சு."

ஜெயலெட்சுமி கையிலிருந்த ரொட்டியைக் கீழே வைத்தாள்.

பொட்டலம் கட்டும் பிரிவுப் பெண்கள் இரண்டு காதாலும் ஆறு எண்ணினார்கள். வெட்டும் வரிசையில் நவமணியைத் தவிர்த்த பன்னிரண்டு பேரில் ஒன்பது பேருக்கு இடது காதில் மூன்றுக்கு மேல் எட்டவில்லை. ஒன்பது பேரும் மருத்துவமனைக்குப் போனார்கள். ஒன்பது தாளிலும் ஒரே பள்ளம். அவர்களில் ஒருத்தி வீட்டில்கூட ஹெட்போன் கிடையாது. தாள்களை ஒன்றாகத் தைத்து எடுத்துப் போனார்கள். ஏழு மாதம் இழுத்தடித்த பிறகு இழுப்பறை திறந்தது. எல்லோருக்கும் காதடைப்பான் கொடுத்தார்கள், குழாய்களுக்கு உறை போட்டார்கள், நவமணியை அமைதியான பிரிவுக்கு மாற்றினார்கள். மன்னிப்பு என்ற சொல் மட்டும் எந்த மொழியிலும் வரவில்லை. எனக்கு அந்தக் கோபம் ஆறவில்லை. அவளுக்கு அதற்கு நேரமில்லை.

இப்போது 1994. நவமணி ஞாயிறு காலைகளில் மட்டும் கலக்கிறாள். சலங்கை அளவை வலது காதால் கேட்டு வைத்துவிட்டு, பிறகு சலேஹாவைக் கேட்கச் சொல்கிறாள். என்னுடைய அந்தத் தலைக்கனப் பேச்சுக்கு நான் மன்னிப்புக் கேட்டேன். "விடுங்கண்ணே. நீங்க நாலு பேரும் 'நல்லா இருக்கு'ன்னு சொல்லியிருந்தா, நா இந்நேரம் ரெண்டு காதும் போய் உக்காந்திருப்பேன். ஒங்க வசவுக்குத்தான் தேங்க்ஸ்," என்றாள். நன்றி சொல்ல வேண்டியவன் நான். குறையைச் சொல்வது வேறு, ஆளைக் குறைசொல்வது வேறு என்று நாற்பது வயதில் அவளால்தான் கற்றேன்.

உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ தொழிற்சாலைக்குப் போகிறவர் ஒருவர் இருப்பார். இந்த ஞாயிற்றுக்கிழமை அவரை உட்காரவைத்து, ஒரு காதைப் பொத்தச் சொல்லி, மெல்லிய பாட்டு ஒன்றைப் போடுங்கள். பிறகு மறு காது. இரண்டும் ஒன்றுபோல் கேட்கவில்லை என்றால், திங்கட்கிழமை மருத்துவமனைக்கு நீங்களும் கூடப் போங்கள்.